நடுகல்லின் மேல் ஈரத்தாள்

அருள்மொழி டீச்சர் கைவைத்தபோது அந்த நடுகல் வெதுவெதுப்பாக இருந்தது. விடிந்ததிலிருந்து புரட்டாசித் தூறல் விடவில்லை. கல்வராயன் மலையடிவாரத்துப் புளியந்தோப்பில், பாசியும் வௌவால் எச்சமும் நாறுகின்ற நிழலில், ஆண்டாண்டு காலமாக நனைந்து நிற்கும் கல்லுக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

“இன்னா டீச்சர், ஜுரம் அடிக்குதான்னு பாக்குறீங்களா?” என்று உடன் வந்த ஜெயம்மாள் டீச்சர் சிரித்தார்.

அருள்மொழியால் சிரிக்க இயலவில்லை. ஆசிரியர்களுக்கான இந்த வரலாற்றுச் சுற்றுலாவுக்கு அவர் பெயர் கொடுத்தபோது, இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் அதே வாரத்தில் வருமென்று எவர் கண்டார்? வேன் வந்த வழியை அடைத்து மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். கோடரிச் சத்தம் தோப்புவரை கேட்டது. வெட்டுகிறவர்களுள் அவருடைய கணவர் சின்னதுரையும் ஒருவர்.

“போலீஸ் லாரி போவுதாம் சார். நான் ரோட்டுப் பக்கம் போய் அவரப் பாத்துட்டு வந்துடட்டுங்களா?”

“வேணாம்மா. கல்லு பறக்குதாம்” என்றார் பயிற்சியாளர் தனசேகரன். “கை வேலையா இருந்தா மனசு அடங்கும். இந்தக் கல்லுல வீரனோட மூஞ்சி தேஞ்சு போச்சு, எத்தினி தடவ மைப்படி எடுத்தாலும் வரல. நீங்க எடுத்துப் பாருங்க. தாள நனைச்சு ஒட்டிட்டு, பிரஷ்ஷால நல்லா அடிங்க. அப்புறம் மேல மைய ஒத்துனா, கல்லுல இருக்குற உருவம் தாள்ல எழும்பும்.”

மற்றவர்களை அழைத்துக்கொண்டு அவர் தோப்பின் மறுகோடிக்குச் சென்றார்.

அருள்மொழி அடிக்கத் தொடங்கினார். தூரத்துக் கோடரியும் கையிலிருந்த பிரஷ்ஷும் ஒன்று மாற்றி ஒன்றாக ஒலித்தன; அந்த ஓசையில், கணவர் உயிரோடுதான் இருக்கிறார், இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, கை ஓய்ந்துவிடாதபடி அவர் அடித்துக்கொண்டேயிருந்தார்.

திடீரென்று சாலைப் பக்கம் கூச்சல் எழுந்தது. எதுவோ வெடித்தது. கோடரிச் சத்தம் நின்றது.

பிரஷ்ஷின் சத்தமும் மாறியிருந்தது. கல்லில் படுகிற சத்தமன்று. சதையில் படுகிற சத்தம்.

தாளின்மேல் மையை ஒற்றினார். வழவழத்த கல்லின் மேல், தாளில் நெற்றி எழுந்தது. கன்னம் எழுந்தது. மேலுதட்டில் ஒரு தழும்பு. முள்வேலி கிழித்து, தையல் போட்டு, சற்றே கோணிப்போன தழும்பு. ஊரில் அப்படிப்பட்ட உதடு சின்னதுரை ஒருவருக்குத்தான் உண்டு.

வாயிருந்த இடத்தில் தாள் உள்ளே குழிந்தது.

உப்பியது.

மறுபடியும் குழிந்தது.

“ஐயோ, மூச்சு முட்டுதுங்களா?”

தாளைப் பற்றி இழுத்தார். தோல் உரிவதுபோல் வந்தது. அடியில் கல் மொழுமொழுவென்றிருந்தது, முகம் இல்லை. முகம் தாளோடு வந்துவிட்டது. அவருடைய இரு கைகளிலும் ஈரமாகத் தொங்கி, காற்றுக்காக வாயைத் திறந்து திறந்து மூடியது. ஓரங்கள் காயத் தொடங்கின. வாய் அசைவது குறைந்தது.

“ஜெயம்மா டீச்சர்! சார்! யாராச்சும் வாங்களேன்!”

எவரும் வரவில்லை. தாளைக் கல்லின்மேல் மீண்டும் ஒட்டினார். வழுக்கியது. உள்ளங்கையால் அழுத்தினார். மூச்சு இல்லை.

பிரஷ்ஷை எடுத்து அடித்தார்.

வாய் திறந்தது. மூச்சு வந்தது.

நிறுத்தினார். மூச்சும் நின்றது.

அடித்தார். தழும்பு பிளந்து, கறுத்த மையினூடே சிவப்பாக வழிந்தது. இமைகள் விரிந்து அவரைப் பார்த்தன.

“பொறுத்துக்குங்க. கொஞ்ச நேரங்க. யாராச்சும் வந்துடுவாங்க.”

அவர் மறுபடியும் கையை ஓங்கினார். அதைக் கண்டு, தாளிலிருந்த கண்கள் இறுக மூடிக்கொண்டன.