சுழியத்துக்கு ஒரு கை

யூதரின் ஓய்வுநாளான சனிக்கிழமை காலை. வட்டக்கானல் யூதத் தொழுகைக்கூடத்தின் வாயிலில், உதவி ஆய்வாளர் செவ்வேள் பகைமானியின் தட்டில் உள்ளங்கையைப் பதித்தார். ஆறு நொடியில் முள் சுழியத்தில் வந்து நின்றது. நாடி, மூச்சு, வியர்வை மூன்றையும் கொண்டு, உள்ளே நுழைபவர் நெஞ்சிலுள்ள பகையை அளக்கும் கருவி அது. அளப்பதற்குத் தொடக்கப்புள்ளி வேண்டுமல்லவா? காவலில் நிற்பவர் பகையற்றவர் என்பது துறையின் துணிபு. ஆகவே அன்றாடம் அவர் கையே சுழியம். கருவி வந்தபின் பை சோதனையும் ஒழிந்தது. பகையில்லாதவன் பையில் எது இருந்தால் என்ன?

கொச்சிக் கரையைக் கடல் கொண்டபோது மலையேறி வந்த யூதக் குடும்பங்கள் நாற்பது அங்கே வாழ்ந்தன. அவர்களைக் காக்கவென நடந்த தொண்ணூறு நாள் பயிற்சியில் செவ்வேள் முதல்வராகத் தேறியவர். யூதரைப் பற்றி உலகம் புனைந்த பொய்களையெல்லாம் பாடம் பாடமாக ஒப்பிப்பார். ஆயினும் தொழ வருவோர் அவருக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, எதிர்ப்புறம் நின்ற தலைமைக் காவலர் ஜமீலாவிடமே போய்ச் சிரித்தார்கள்.

"மருமக மாசமா இருக்காம்மா. மொதல்ல ஒங்கிட்டதான் சொல்றேன்," என்றார் கூடத்தின் தலைவர் எலியாசர்.

"அப்ப எனக்கு இனிப்பு ரெட்டிப்பா வரணும்ண்ணே!"

நடை சாத்திய சன்னிதிமுன் நிற்கும் அடியவன்போல் செவ்வேள் நின்றார். ஒன்பது வாரமாக அழுக்காறு அவரைக் கரையானாய் அரித்திருந்தது. 'கூடிப் பேசி ஒருத்தியைத் தூக்கி வைப்பார்கள், ஒருவனை ஒதுக்குவார்கள். இவர்கள் இனத்தின் குணமே அதுதான்.' பயிற்சியில் ஏழாம் பாடமாக வந்த பொய் அது. தம் குரலில் ஒலித்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

தோளில் பையும் தலையில் சிறு குல்லாவுமாக ஒருவன் வந்தான்.

"மும்பைல இருக்கோம் சார், தொழுகைக்கு வந்தேன். பாத்தீங்களா, நம்ம சனம் எங்க போனாலும் அரசாங்கமே வாசல்ல நிக்குது. காசு பேசும்ல!"

செவ்வேளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்!' அவன் தட்டில் கை பதித்தபோது முள் சுழியத்தை விட்டு அசையவில்லை. அவர் வழிவிட்டார்.

படியேறுமுன் அவன் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து எறிந்ததை ஜமீலா கண்டாள்.

"சார்! ஓய்வுநாள்ல நெருப்பத் தொட்டுட்டு இந்தக் கூடத்துக்குள்ள யார் போவா? புடிங்க அவன!"

சொல்லிக்கொண்டே ஓடினாள். கதவருகே, எரியும் லைட்டர் பிடித்திருந்த அவன் மணிக்கட்டைப் பற்றியபோது பையிலிருந்த பெட்ரோல் புட்டி விழுந்து உடைந்தது. திரைச்சீலையும் அவள் சட்டைக்கையும் பற்றிக்கொண்டன. எலியாசர் தம் தொழுகைப் போர்வையால் அவளை மூடித் தீயை அணைத்தார். பின்னாலேயே ஓடிவந்த செவ்வேள் அவனைத் தரையோடு அழுத்தினார். உயிர்ச்சேதம் இல்லை.

மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரி மங்கையர்க்கரசி, கருவியைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பழுதே இல்ல, செவ்வேள். ஒங்க சுழியத்துலேருந்து அவன் இம்மியும் வெலகல. ரெண்டு பேரும் ஒரே அளவு."

ஏழாம் பாடம் அப்போதுதான் செவ்வேளின் செவியில் விழுந்தது.

"அவன் சொன்னதுக்கு நான் சிரிச்சேன் மேடம்."

"அந்த அளவு எவ்வளவுன்னு பதியணும். சுழியம் வைக்க வேற கை வேணும். ஜமீலா, நீ வை."

கட்டுப்போடாத கையை ஜமீலா முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "வேணாம் மேடம். நேத்துலேருந்து இவர் மொகத்தப் பாக்கவே எனக்கு ஆகல."

அதிகாரியின் பார்வை எலியாசர்மேல் சென்றது. கருகிய திரைச்சீலையை மடித்துக்கொண்டிருந்த கிழவர் மறுத்துத் தலையசைத்தார்.

"என் கையும் சரிப்படாதும்மா. இன்னிக்கு சரிப்படாது."

மூவரும் அதிகாரியை நோக்கினார்கள். மங்கையர்க்கரசி தம் உள்ளங்கையைத் திருப்பி ஒருகணம் உற்றுப் பார்த்தார். பிறகு அதை மெல்ல மூடிக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.