பட்டையின் மறுமுனை

"ஐயோ... தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் மழையே ஒரு கணம் திகைத்திருக்கும். ஆனால் அவன் தொட்டுவிட்டிருந்தான். தொட்டதால்தான் வண்டி தப்பித்தது.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் அந்தப் பழைய கார் புதுப் பெயிண்டோடு நின்றிருந்தது. கருநீலம்... முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுக்கம். பக்கவாட்டில் ஓடும் குரோமியப் பட்டைகளை மாட்டுவதுதான் பாக்கி. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். முன்முனையை அவள் கிளிப்பில் பொருத்திக்கொண்டிருந்தபோது காற்று ஒரு வீசு வீசியது. கயிற்றில் தொங்கவிட்டிருந்த பின்முனை நழுவி, நேராகப் பெயிண்டைக் கீற வந்தது... எங்கிருந்தோ ஒரு கை நீண்டு அதைப் பற்றிக்கொண்டது.

சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன்.

"மழைக்கு ஒதுங்கினேன்," என்றான். "விட்டுடவா?"

"விட்டீங்கன்னா கொன்னுடுவேன்!"

"தொடாதேங்கறீங்க... விடாதேங்கறீங்க... நான் என்னதான் பண்றது?"

பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள். நிமிர்ந்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. ஊரார் கண்களையெல்லாம் பார்த்துப் பார்த்து, கண் என்றாலே அளவெடுக்கிற சமாசாரம் என்றாகிவிட்டிருந்தது. இந்தக் கண்களை மட்டும் அளக்கத் தோன்றவில்லை. அவை அவளைப் பார்க்கவும் இல்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன... முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற குழந்தை மாதிரி, இமைக்க மறந்து.

"இதை... நீங்களா செஞ்சீங்க?"

"பின்னே, பூதமா வந்து செஞ்சுது? கதவைத் தொட்டா கதவே கையோட வந்துடும், அந்த லட்சணத்துல இருந்துச்சு."

அவன் கண்கள் வண்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்ல ஓடின. எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். இப்படி யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு என்னவோ செய்தது.

"கொஞ்சம் மேல தூக்குங்க... டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க, அதுக்கு நேரா..."

உள்ளங்கையால் அழுத்தினாள். டக். அடுத்த கிளிப்... டக். ஒவ்வொரு டக்குக்கும் அவன் பக்கம் ஓரடி நகர வேண்டியிருந்தது. பட்டை அவ்வளவு நீளமாக இருந்தும் சீக்கிரமே தீர்ந்துபோனது. கடைசிக் கிளிப்பில் இரண்டு கைகளும் பக்கம் பக்கமாக... சட்டென்று இருவரும் பின்வாங்கினார்கள்.

அப்போதுதான் பார்த்தார்கள்.

கருநீலத்தின் நடுவே ஒரு வெளிச்சக் கோடு. வெளியே பெய்கிற மழை, மரம், வானம் எல்லாம் அந்த விரலகலத்துக்குள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தன. நேற்றுவரை வண்டி வெறும் தகரம்; இப்போது மூச்சு விடுவதுபோல் இருந்தது.

"அம்மாடி..." என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

குடையோடு அவள் அப்பா வந்தார். "அட, டாக்டரா! வண்டி வாங்க வர்றேன்னு போன்ல பேசினவர்தானே? மாட்டு டாக்டர்னீங்க... பட்டையும் மாட்டுவீங்களோ?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாங்கவா? யாரைக் கேட்டு விக்கறீங்க?"

"யாரைக் கேக்கணும்? அம்மா போனதுலேருந்து இந்தக் கொட்டகையே கதின்னு கிடக்கறே. மனுஷங்களோட நாலு வார்த்தை பேசறியா? வண்டியோடதானே குடித்தனம் பண்றே!"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "மழைக்கு ஒதுங்கினேன்னு சொன்னீங்க."

"வீட்டைத் தேடிட்டிருந்தேன்... மழை வந்துச்சு... ஒதுங்கினது நிஜம்."

"பாதி நிஜம். கிளம்புங்க."

அவன் வாதாடவில்லை. அப்பாவிடம் போனான். "எனக்கு இந்த வண்டி வேண்டாம் சார்."

"ஏன், என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. எடுத்துட்டுப் போனா எனக்கு ஒரு கார் கிடைக்கும். இவங்களுக்கு என்ன போகும்னு கண்ணால பார்த்துட்டேன். யாருக்கும் கொடுத்துடாதீங்க." அவளைப் பார்த்துத் தயங்கினான். "வந்ததுமே சொல்லியிருக்கணும். நீங்க வண்டிக்காகப் பதறினதைப் பார்த்ததும், சொன்னா பேச மாட்டீங்களேன்னு... தப்புதான்."

மழையில் இறங்கி நடந்தான்.

அப்பா குடையை மடக்கினார். "விக்கலை, போதுமா? நீ ஒருத்தரோட இவ்வளவு பேசியே எத்தனை காலமாச்சு... அந்தப் பிள்ளை நனைஞ்சுட்டுப் போறான் பாரு."

போகட்டுமே, என்றது வீம்பு. கால்கள் கேட்கவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கக் கூப்பிட்டாள்.

"டாக்டர்! வலது பக்கம் இன்னும் பாக்கி இருக்கு."

"நீங்க தனியாவே..."

"மாட்டிடுவேன். முடியாதுன்னு சொன்னேனா? வாங்க... சும்மா."

இந்த முறை கிளிப்பை அழுத்துகிற வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை அவள் ஏந்திக்கொண்டாள். அவள் வண்டியில் இன்னொருவர் கை வைக்க விட்டது அதுதான் முதல் தடவை. டக்... டக்... அவன் நெருங்கி வந்துகொண்டிருந்தான்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டான், தலை நிமிராமல்.

"பிடிச்சிருக்கு."

"கெட்டியா? கடைசிவரைக்கும் விட்டுடக் கூடாது."

"விட மாட்டேன்..." அவள் குரல் தணிந்தது. "நான் பட்டையைச் சொல்லலை."

அழுத்திய உள்ளங்கை அப்படியே நின்றது. கொட்டகைக் கூரையில் மழை மட்டும்...

"நானும் பட்டையைக் கேக்கலை," என்றான்.