குறுக்கே நிற்பவர்

"அந்த வைஃபை பெட்டியை ஜன்னல்கிட்ட வைக்காதேன்னு எத்தனை தடவை..."

"வயரு ஜன்னல் வழியாத்தானே உள்ள வருது, அண்ணி! பின்ன அதைக் கொண்டுபோய் அடுப்பு மேலயா..."

"வை, அடுப்பு மேலயே வை! அங்கயாவது சூடு பிடிக்குதான்னு பார்ப்போம். இங்க சிக்னல் அஞ்சு கோட்டுல ரெண்டுதான் எரியுது."

"காலையில அஞ்சும் எரிஞ்சுது. நீங்கதான் அந்தக் குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகி..."

"நானா? போனைக் கீழ போட்டு உடைச்சது யாரு? அது இருந்திருந்தா நான் ஏன் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி தவம் கிடக்கிறேன்?"

போனை உடைத்தது நான்தான். முந்தின நாள் குளியலறை வாசலில் கை நழுவி விழுந்து, முகம் பூராவும் விரிசல் விட்டு, ரிப்பேர் கடையில் கிடந்தது.

அண்ணியின் ஒரே பிள்ளை கடல் தாண்டி வேலைக்குப் போனவன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அன்றுதான் நெஞ்சில் ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால், நம் கணக்குக்கு நாலு மணி வாக்கில், கம்ப்யூட்டரில் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். அண்ணியின் பட்டன் போனில் குரல் வரும், முகம் வராது.

"குரலை வெச்சு நான் என்னடி பண்றது? முகத்தைப் பார்த்து ஒரு தடவை 'போயிட்டு வாடா'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றாள் அண்ணி. சண்டை போட்ட குரல் அந்த இடத்தில் உடைந்துவிட்டது.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, கூடத்துக்கும் கம்ப்யூட்டர் இருந்த உள்ளறைக்கும் நடுவே ஒரு நீளமான நடை. பகலிலும் விளக்குப் போட வேண்டும். நடையில் எப்போதும் ஈரச் சாக்கு வாடை. "வெள்ளையடிச்சா போயிடும்" என்றார் வீட்டுக்காரர். வெள்ளையடித்தோம். சுண்ணாம்பு வாசனை போய்விட்டது. சாக்கு வாடை அப்படியே இருந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்தபோது வெளியே மழைக்கு இருட்டியிருந்தது. வழுக்கைத் தலை, ஓயாத வாய்.

"ஏம்மா, இதுக்கு வயசென்ன? எனக்கு மூத்ததா?"

"உங்க தலையில முடி இருந்த காலத்துது" என்றாள் அண்ணி.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வேலையையும் பார்த்தார். கூடத்து ஜன்னலோரம் இருந்த ரூட்டர் பெட்டியை அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்த விரலளவு வைஃபை குச்சியைப் பிடுங்கினார். "பழசுக்கு உள்ளுக்குள்ள வைஃபை கிடையாது, இந்தக் குச்சிதான் காது. காதைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சா எப்படிக் கேக்கும்?" ஒரு நீள வயரில் கோத்து அதை மேசைமேல் முன்பக்கம் வைத்தார்.

ஐந்து கோடும் எரிந்தன. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடை வழியாக வந்தேன். கோடு மூன்றாக இறங்கி, நான் அறைக்குள் வந்து ஒதுங்கியதும் மறுபடி ஐந்தானது.

"பார்த்தீங்களா? மனுஷ உடம்பு முக்காவாசி தண்ணி. குறுக்க வந்தா அலையைக் குடிச்சிடும். நீங்க ஒதுங்கினதும் சரியாயிடுச்சு. அதனால பேசும்போது நடையில யாரும் நிக்காதீங்க."

சொல்லி வாயை மூடவில்லை. கோடு இரண்டுக்கு விழுந்தது.

விழுந்தது எழவில்லை.

"அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் அவர், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"யாரைச் சொல்றீங்க?"

"நடையில நிக்கிறவங்களைத்தான்."

நாங்கள் இருவரும் அவருடைய நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு நடையைப் பார்த்தார். காலி. சாக்கு வாடை மட்டும் அறை வாசல்வரை வந்திருந்தது.

ரூட்டரைக் கொண்டுபோய் அலமாரி உச்சியில் வைத்தார். குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறி, பரண் பலகையில் தட்டுகிறவரை தூக்கிக் காட்டினார். இரண்டே கோடு.

"இதுக்கு மேலயும் மறைக்கிறதுன்னா, எவ்வளவு உயரமான ஆளு நிக்கணும்!" என்று சிரிக்கப் பார்த்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு வயரை நேரா இழுத்துச் சொருகிடுங்களேன்" என்றேன்.

"சொருகுற ஓட்டை கருகிக் கிடக்கு. எப்பவோ இடி விழுந்திருக்கு. சரி, கம்ப்யூட்டரையே கூடத்துக்குத் தூக்கிடுவோம். மூக்குக்கு நேரா வெச்சா எங்க போயிடும்?"

மூவரும் தூக்கினோம். ரூட்டரை இறக்கி ஒரே மேசையில், கம்ப்யூட்டருக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார். ஐந்து கோடு. மூச்சு விட்டோம்.

நடையிலிருந்து வாடை மெல்ல நகர்ந்து வந்தது. கூடத்தைக் கடந்தது. மேசைக்கு வந்தது.

நான்கு. மூன்று.

இரண்டு.

"நடுவுல என்னம்மா இருக்கு? ஒண்ணுமே இல்லியே!" என்று சொல்லிக்கொண்டே அவர் ரூட்டருக்கும் குச்சிக்கும் இடையில் கையை நீட்டினார்.

நீட்டிய கை பாதியில் நின்றது. அவர் அதை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் சட்டையில் துடைத்தார். துடைத்த இடத்திலும் ஈரம் பரவிக்கொண்டே போனது.

"நான் கிளம்பறேம்மா."

"ஐயோ, இன்னும் பத்து நிமிஷத்துல கூப்பிடுவான், இந்த நேரத்துல..."

"என் வேலை இல்லம்மா இது." பையைக்கூடச் சரியாக மூடவில்லை. ஸ்க்ரூ டிரைவர் எங்கள் மேசையிலேயே கிடந்தது.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு முழ இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் முகம் இளகியது.

"உங்க அண்ணன்டி" என்றாள்.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"வேற யாரு? நான் டீவி முன்னாடி உட்கார்ந்தா போதும், எங்கிருந்தாவது வந்து குறுக்க நிப்பாரு. பல்பு மாத்தணும்னா ஸ்டூல் கேட்கிற மனுஷன், மறைக்கிறதுல மட்டும் மலைதான். பிள்ளை பேசப் போறான்ல, அதான் வந்திருக்காரு."

அண்ணன் தவறிப்போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த வீட்டின் வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "நாம இங்க வந்தது அண்ணனுக்கு..." என்று இழுத்தேன்.

"என்னைத் தேடி வர அவருக்கு அட்ரஸ் வேணுமாக்கும்!"

அப்போது கம்ப்யூட்டர் மணியடித்தது.

திரையில் முகம் வரவில்லை. சதுரம் சதுரமாகச் சாம்பல் நிறம். நடுவே ஒரு கண், ஒரு காது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அறுந்து அறுந்து வந்தது. "ம்மா... தெரி... ம்மா..."

"தெரியலடா கண்ணா! ராஜா, அசையாம இரு! அம்மாவுக்கு முகம் தெரியல!"

"...கூட்டிட்டுப் போக... வந்துட்டாங்... ரெண்டு நிமி..."

அண்ணி எழுந்தாள். அந்த இடைவெளியின் முன் நின்று, என் அண்ணனிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியே, பாதி அதட்டலும் பாதி கெஞ்சலுமாகப் பேசினாள்.

"என்னங்க, என்கிட்ட விளையாடினது போதும். இங்க நின்னு என்ன பண்ணப்போறீங்க? அவன் அங்க தனியாக் கிடக்கான். கூட ஒரு ஆளு இல்லை. போங்க. அவன்கிட்டப் போய் நில்லுங்க. அவன் பக்கத்துலயே இருங்க."

வாடை நின்றுபோனது.

நடைவாசலில் தொங்கிய திரைச்சீலை அசைந்தது. மேலே, கம்பியை ஒட்டிய விளிம்பு மட்டும். கீழ்ப்பகுதி அசையவே இல்லை.

ஐந்து கோடும் எரிந்தன.

திரையில் பிள்ளையின் முகம் பளிச்சென்று வந்தது. இளைத்த முகம், பச்சை நிற ஆஸ்பத்திரிச் சட்டை. சிரித்தான்.

"இப்பத் தெரியுதாம்மா? அத்தை எங்க? அத்தை, போனை உடைச்சீங்களாமே!"

"நீ வாடா, சொல்றேன் உனக்கு" என்றேன். அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

"இளைச்சுட்டியேடா" என்று அண்ணி திரையைத் தடவினாள். "பயப்படாம போயிட்டு வா. எல்லாம் நல்லபடியா..."

"அம்மா, ஒரு நிமிஷம். இங்க சிக்னல் போகுது. இவ்வளவு நேரம் ஃபுல்லா இருந்துச்சு." அவன் மூக்கைச் சுளித்தான். "என்னமோ நாத்தம் வேற. ஈரச் சாக்கு மாதிரி."

என் கை அண்ணியின் தோளைப் பற்றியது. அவளோ பூரித்துப் போயிருந்தாள்.

"வந்துட்டாரா! பயப்படாதேடா கண்ணா. உங்கப்பாடா. நான்தான் அனுப்பினேன். உன் பக்கத்துல நிக்கச் சொன்னேன்."

அவன் கட்டிலுக்குப் பக்கவாட்டில் எதையோ பார்த்தான். எங்களுக்கு அவன் முகம் மட்டுந்தான் தெரிந்தது. அவன் பார்வை ஒருவர் மார்பளவுக்கு ஏறியது. தலையளவுக்கு ஏறியது. அங்கே நிற்கவில்லை. இன்னும் மேலே போனது. கழுத்து பின்னால் சாய, கண்கள் கூரையைத் தொடுகிறவரை போனது.

"அம்மா" என்று கிசுகிசுத்தான். "அப்பா இவ்வளவு உயரம் இல்லியேம்மா."

படம் அப்படியே உறைந்தது. அண்ணாந்த முகம். பாதி திறந்த வாய்.

எங்கள் பக்கம் ஐந்து கோடும் துளி குறையாமல் எரிந்துகொண்டிருந்தன. நான் குச்சியைப் பிடுங்கினேன், செருகினேன். ரூட்டரைத் தட்டினேன். ஐந்து கோடு. சுண்ணாம்பு வாசனைகூட இல்லாத, சுத்தமான காற்று.

அண்ணி நகர்ந்து வந்து அந்த ஒரு முழ இடைவெளிக்கு நேராக நின்றாள். இரண்டு கைகளையும் ஏந்தினாள். இந்த முறை அவள் பார்த்தது எதிரே அல்ல; உயரே, கூரையை ஒட்டி.

"யாரா இருந்தாலும் சரி, திரும்பி வந்துடு. இங்கயே, எனக்குக் குறுக்கயே நின்னுக்கோ."