மிச்சமாக நின்ற ட்ரே

வரிசையின் கடைசியில் ஒரு ட்ரே மிச்சமாக நின்றது. மற்ற ட்ரேக்களில் எல்லாம் கடிதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, இதில் மட்டும் ஒன்றுமில்லை. ஆனால் முன்பக்கச் செருகலில் ஊர்க் குறியீட்டோடு லேபிள் இருந்தது. அந்த ஊருக்கு இன்றைக்கு ஒரு கடிதம்கூடக் கிடையாது.

லேபிளை மாட்டியவர் சூப்பர்வைசரேதான். கடிதங்களை அடுக்கிய பிறகே லேபிள் மாட்டுவது, தபால் ஆபீஸுக்குக் கட்டி அனுப்பும் அந்த ஷெட்டின் வழக்கம். அதை அவர் வந்த வேகத்தில் ஒழித்துக்கட்டியிருந்தார். முதலிலேயே எல்லாவற்றுக்கும் மாட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மண்டையில் ஏதாவது இருக்கிறவனுக்கு இது தெரியும். போன மாதத்து லேபிள் ஒன்று இந்தக் கட்டோடு கலந்து வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ட்ரேக்களுக்குப் பிளாஸ்டிக் பட்டை கட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற மச்சினன் மெதுவாகச் சொன்னான். "மாமா, அதைக் கழட்டிடுங்க. காலி ட்ரேல லேபிள் இருக்கக் கூடாதும்பாங்க. எழுதி மாட்டிட்டா அது எப்படியாவது நிறைஞ்சுடும்னு முன்ன இங்க பேக்கிங் பண்ணினவரு சொல்வாரு."

"அந்த ஆளு பாத்ரூமுக்கே துணைக்கு ஆள் தேடினவன். நீ அவனுக்குச் சிஷ்யன். வெளங்கிடும்."

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். முப்பது வயசு, எருமைமாட்டுப் பொறுமை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த மனைவி நச்சரித்த நச்சரிப்பில்தான் சூப்பர்வைசர் அவனை இங்கே சேர்த்துவிட்டார். வந்த நாளிலிருந்து ஒரே ஒரு விஷயம் அவனுக்கு ஏறவே இல்லை. உறைகளின் முன்பக்கத்தில் கண்ணாடித்தாள் ஒட்டிய சின்ன ஜன்னல் இருக்கும். உள்ளே மடித்த தாளின் முகவரி அதன் வழியே தெரியும். அந்த ஜன்னல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இவன் அடுக்கினால் நாலு உறை திரும்பி நிற்கும், ஒன்று தலைகீழாக நிற்கும். இவனையெல்லாம் எதில் சேர்ப்பது என்று சூப்பர்வைசர் தினமும் நொந்துகொள்வார்.

லேபிளைக் கழற்றலாம்தான். கழற்றினால் ஏற்கெனவே அடித்த ட்ரே கணக்கு இடிக்கும், தபால் ஆபீஸ்காரன் லாரியையே திருப்பி அனுப்புவான். கணக்குத் தாளை மறுபடி அடிக்க மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது என்று நிற்க வேண்டும். வெண்கலக் குடம் உருண்ட மாதிரி கத்துகிற அந்த ஆள் முன்னால் போய் நிற்பதா? அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

"எதையாவது போட்டு நிரப்பு. பாதி ட்ரேயை அவன் எடுக்க மாட்டான், முழுசா நிரப்பணும்."

"எதைப் போடறது மாமா?"

"நீயே ஏறி உட்கார்ந்துக்கோ. நீ செய்யற வேலைக்கு அது எவ்வளவோ மேல்."

முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி போனில் கூப்பிட்டாள். "இன்னைக்காவது தம்பியைக் கையோட கூட்டிட்டு வாங்க. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவனை விட்டுட்டு நீங்க மட்டும் வந்து நின்னா, உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

"உன் தம்பியை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அப்போதுதான் கவனித்தார். மதியத்திலிருந்து ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் இரைச்சல், பிளாஸ்டிக் பட்டை சரசரவென்று வெளியே வந்து இறுகும் சத்தம், ட்ரேக்களைத் தரையில் இழுக்கும் உரசல், எல்லாமே நின்றிருந்தன. தூங்குகிறான். வேறென்ன செய்வான். எழுந்து போனார்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழ, பேப்பர் தூசி அதில் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. பசையும் புது அட்டையும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், மச்சினன் தினமும் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு வரும் தலை எண்ணெயின் வாசனை, ஆள் பக்கத்தில் நிற்கிற மாதிரி வந்தது. ஆள் இல்லை. மெஷின் ஓரத்தில் அவனுடைய செருப்பு மட்டும் இருந்தது. வாழ்நாளில் செருப்பை ஒழுங்காகக் கழற்றிப் போடாதவன், இன்றைக்கு இரண்டையும் சேர்த்து நேராக விட்டிருந்தான்.

"டேய் மாப்ள."

பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. முன்னறை வழியாக யாரும் போகவில்லை. அங்கே அவரே உட்கார்ந்திருந்தார்.

கடைசி ட்ரேக்கு அட்டை மூடி போட்டிருந்தது.

ஒளிந்துகொண்டு விளையாடுகிறதா கழுதை. சூப்பர்வைசர் ட்ரேயைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. கடிதம் இவ்வளவு கனக்காது. அட்டையில் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. மெஷின் சூடு. வெயில் சூடு. ஏதோ ஒன்று.

உள்ளங்கைக்கு அடியில் அட்டை லேசாக எழும்பியது. தணிந்தது. மறுபடி எழும்பியது.

ஓடிவிடலாம் என்றிருந்தது. அவனை விட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? மூடியை இழுத்தார்.

உறைகள். புத்தம் புது உறைகள். ஒன்றுகூடத் திரும்பவில்லை, ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. ஜன்னல்கள் எல்லாம் ஒரே பக்கம், அவரைப் பார்த்தபடி.

முதல் உறையை விரலால் சாய்த்தார். ஜன்னலில் முகவரி இல்லை. பழுப்பாக ஏதோ. மடித்து வைத்தது. அதில் முடி இருந்தது.

அடுத்தது. ஒரு நகம்.

அடுத்தது. மீசையின் ஓரம்.

அதற்கும் அடுத்ததில் ஒரு கண். மூடியிருந்தது. கண்ணாடித்தாளில் இமை உரசும் சத்தம் கேட்டது. திறந்தது.

அவர் கை அங்கேயே நின்றுவிட்டது. பின்னாலிருந்த ஓர் உறையின் ஜன்னலில் நீராவி படிந்தது. அதற்குள் உதடுகள் அசைந்தன. வழக்கமான அதே பணிவு.

"மாமா, இப்ப எல்லாம் நேரா இருக்கா?"

வெளியே லாரி வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான்.

தொடாத மெஷின் தானாக ஓடத் தொடங்கியது. பட்டை சரசரவென்று வெளியே வந்தது. தரையோடு நீண்டு அவர் கணுக்காலைச் சுற்றியது. இறுகியது.

ட்ரேயில் இன்னும் பாதி இடம் காலியாக இருந்தது.