முந்தின நாள் தேதி

ஆதிமூலத்தின் புது லேப்டாப்பில், விரல் வைத்துத் திறக்கிற அந்தச் சின்னச் சதுரத்தின் மேல் ஊதா மை படிந்திருந்தது. முதல் நாள் துடைத்துவிட்டார். மறுநாள் மறுபடி இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தபோது அவருக்கு வந்தது பயமல்ல, எரிச்சல். சங்கராபுரத்தில் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிற மனுஷன். ஊர்க்காரன் கை பட்ட எதையும் துடைக்காமல் தொட்டதில்லை.

இத்தனைக்கும் பார்த்துப் பார்த்து வாங்கியது. கள்ளக்குறிச்சியில் நவுஷாத் கடையில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் அவனைப் பாடாய்ப் படுத்தினார்.

"இன்னா வேலைக்குங்க வேணும்?" என்று கேட்டான் நவுஷாத்.

"என் வேலைக்கு. வேற எவனும் தொறக்கக் கூடாது, அவ்ளோதான்."

"அப்போ கைரேகை வெச்ச மாடல் எடுத்துக்குங்க. ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி. பாஸ்வேர்டுன்னா எங்கனா எழுதி வெப்பீங்க, யார்னா பாத்துடுவாங்க. வெரல எவன் திருடுவான்?"

ஆதிமூலம் சிரித்துவிட்டார். அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கைநாட்டு. பேர் எழுதத் துப்பில்லாத ஜென்மங்கள். இடது பெருவிரலை நீட்டிக்கொண்டு மாடு மாதிரி நிற்பார்கள். அவர்தான் மணிக்கட்டைப் பிடித்து, ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, இடமிருந்து வலமாக உருட்டி எடுப்பார். பழக்கதோஷத்தில் நவுஷாத்திடமும் அதே இடது பெருவிரலைத்தான் நீட்டினார். கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். கீபோர்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை.

இவ்வளவு காபந்தும் ஒரே ஒரு கோப்புக்காக. மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த சாலம்மாள், பிள்ளையில்லாதவள், போன வருஷம் ஒரு விடியற்காலையில் செத்துப்போனாள். சொந்தபந்தம் சேர்வதற்குள் ஆதிமூலம் அங்கே போய்விட்டார். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை, அது அவருக்குத் தெரியும். நிலத்தைத் தன் மச்சான் பேருக்கு எழுதி, விறைத்துக் கிடந்த பெருவிரலை உருட்டி எடுத்தார். தேதி மட்டும் முந்தின நாள். செத்தவளிடம் ரேகை வாங்கினால் முந்தின நாள் தேதிதான் போட வேண்டும், இதுகூடத் தெரியாதவன் என்ன பத்திர எழுத்தன்!

அவளுடைய தம்பி மகன் பிச்சைமுத்து கேஸ் போட்டிருந்தான். மலையில் மிளகு பறிக்கிற பயல், அவனை ஆதிமூலம் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஆனால் ஒரு கோப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு உண்டானது என்பதைக் கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கும் என்று அவருடைய வக்கீல் சொன்னபோதுதான் அந்தக் கேஸ்கட்டை முதல் தடவையாக எடுத்துப் படித்தார். செத்த அன்று காலை ஏழு மணி. எவன் கண்ணிலாவது பட்டால் ஜெயில்தான். மச்சானுக்கு இன்னொரு நகல் எடுக்க வேண்டியிருந்ததால் கோப்பை லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தியால் நொறுக்கினார்.

இப்போது அந்தப் பூட்டின் மேல் மை. மனைவி ஆண்டாளுக்குப் போன் போட்டார்.

"லேப்டாப்ப தொட்டியாடி?"

"நான் தியாகதுருகம் வந்து நாலு நாள் ஆவுது. இட ஒதுக்கீட்டுக்கு மறியல் நடந்துக்கினு இருக்குது, பஸ்ஸு வுட்டாதான் வருவேன். வூட்ல வேற யாரு கீறாங்க?"

"யாருமில்ல."

"அப்போ பேய்தான் வந்து வெச்சிட்டுப் போவுது."

"முண்டம்," என்று போனை வைத்தார்.

மதியம் மூன்று மணி இருக்கும். ரோட்டில் பஸ் சத்தம் இல்லை, கடைகளில் பேச்சுச் சத்தம் இல்லை, மறியலுக்குப் போனவர்கள் போக மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்க, எங்கிருந்தோ ஊதுவத்தியும் நனைந்த கோடித்துணியும் கலந்த வாடை வந்தது. அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. கீபோர்டின் பிளாஸ்டிக் உறை நொறுநொறுவென்று நசுங்குகிற சத்தம். தட்டத் தெரியாத யாரோ ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவது போல.

போய்ப் பார்த்தார். மூடி வைத்திருந்த லேப்டாப் திறந்திருந்தது. அறையில் யாரும் இல்லை. செட்டிங்ஸைத் திறந்தார். பதிந்திருந்த விரல்கள் இரண்டு.

அவர் பதிந்தது ஒன்றுதான்.

இரண்டாவதை அழித்தார். பயந்துதான் போயிருந்தார். உடனே திரை பூட்டிக்கொண்டது. விரலை வைத்தார். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. மை ஈரமாக ஒட்டிக்கொண்டது.

பிறகு, அவர் தொடாமலே, திறந்தது.

திரையில் ஓர் உயில். சாலம்மாளுடையது அல்ல. 'ஆதிமூலமாகிய நான் நல்ல நினைவுடன்' என்று ஆரம்பித்தது. வீடு, ஆபீஸ், நிலம், எல்லாம் பிச்சைமுத்துவுக்கு. எழுத்துக்கு எழுத்து பிழை. அவருக்கு அந்த நிலையிலும் ஏளனமாகத்தான் இருந்தது. கைநாட்டுக் கழுதை எழுதினால் இப்படித்தான் இருக்கும். இன்றைக்கு என்ன தேதி என்றுகூடத் தெரியவில்லை, பார், நேற்றைய தேதியைப் போட்டு வைத்திருக்கிறது.

நேற்றைய தேதி.

இன்னொரு முறை படித்தார். மேஜை மேல் இருந்த இடது கையை இழுத்தார். வரவில்லை. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. விரல்கள் மடங்கவில்லை. ஆண்டாளைக் கூப்பிட நினைத்தார். தாடை திறக்கவில்லை.

மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. அவசரமே இல்லாத பிடி. பெருவிரல் அந்தச் சதுரத்தின் மையில் இறங்கியது. இடமிருந்து வலமாக உருண்டது.

யாரோ குனிந்து, சீக்கிரம் காயட்டும் என்று, அந்த விரலின் மேல் மெதுவாக ஊதினார்கள்.