காற்றுப் புகாத வீடு

கதவைச் சாத்திய பிறகும் விளக்கின் சுடர் நிமிரவில்லை.

கதவு திறந்திருந்தபோது அது சாய்ந்ததற்கு றமணனிடம் காரணம் இருந்தது. டிசம்பர் மாலையின் குளிர்காற்று பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து உள்ளே வரும். வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று இலேசானது, கதவு நிலையின் மேற்பக்கத்தால் நழுவி வெளியே போகும். நடுவில் வைத்த சுடர் சாயத்தான் வேண்டும். ஆனால் இப்போது கதவு பூட்டியிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி அவன் தன் கையால் ஒட்டிய ரப்பர் பட்டி நசுங்கி இறுகியிருந்தது. வீட்டுக்குள் இலை ஆடுமளவுகூட காற்று இல்லை. அப்படியிருந்தும் சுடர் மாடிப்படியின் பக்கம் படுத்துக்கிடந்தது, அங்கே யாரோ மெல்ல மூச்சை உள்ளிழுப்பதுபோல.

மனைவி கோசிகாவின் கார் வெளிச்சம் சற்று முன்புதான் ஒழுங்கை முனையில் மறைந்தது. முதியோர் இல்லத்தில் அவளுக்கு மாலை ஷிப்ட். விளக்கேற்றி, கோட்டைப் போட்டுக்கொண்டு, திறந்த வாசலில் நின்று வழமையான சண்டையைப் பிடித்துவிட்டுத்தான் போனாள்.

"கதவைச் சாத்தும் கோசி. பகல் முழுக்கச் சேர்த்த சூடு வயலுக்குப் போகுது."

"பத்து நிமிசம். விளக்கு வைக்கிற நேரம் முன்கதவு திறந்திருக்கவேணும், பின்கதவு பூட்டியிருக்கவேணும். வந்த லட்சுமி பின்னால போகப்படாது. உங்களுக்கு இது ஒருத்தரும் சொல்லித்தரேல்லையே?"

"லட்சுமி இந்த ஹேர்ஃபீல்டுக்கு வாறதெண்டால் கார் வேணும். இந்த பஸ்ஸை நம்பி வரமாட்டா."

"உங்கட நக்கல் மட்டும்தான் இந்த வீட்டில பழுதில்லாமல் வேலை செய்யுது." அவள் இருண்ட வயலைப் பார்த்தாள். "கிங்ஸ்பரியில கதவைத் திறந்தால் சனம் வரும். இஞ்ச திறந்துவைச்சு ஆரைக் கூப்பிடுறன் எண்டு எனக்கே தெரியேல்லை."

கிங்ஸ்பரிக்குத் திரும்புவதைப் பற்றி இந்த வீட்டில் இருவரும் பேசுவதில்லை. அங்கே அவர்கள் இருந்த வாடகை வீட்டின் சுவரெல்லாம் கறுத்த பூஞ்சணம். வீட்டுக்காரன் வந்து மூக்கைச் சுளித்து, நீங்கள் கறி சமைக்கிற ஆவிதான் இது என்று சொல்லிவிட்டுப் போனான். ஏழு வயது மகள் ஜதுர்ஷிகாவுக்கு அங்கேதான் முட்டு வருத்தம் தொடங்கியது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு விசில், பூட்டிய யன்னலின் கீறலுக்குள்ளால் காற்று நுழைகிற சத்தம். போன குளிர்காலத்தில் அம்புலன்ஸில் அவளுடைய உதடு நீலமானது. இன்னொரு குளிர்காலத்தை அந்த வீட்டில் கழிக்கவேண்டாம் என்று டொக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். அதனால்தான் லண்டனின் கடைசி ஓரத்தில், கால்வாய்க்கு மேலே, ஒருவரும் வாங்காமல் கிடந்த இந்தப் பழைய பண்ணை வீடு.

ஜேர்மனியில் பதினைந்து வருடம் வீடுகளுக்குச் சூடு காக்கும் வேலை செய்தவன் றமணன். இந்த வீட்டைக் கண்டதும் அவனுக்குக் கவலையைவிட ஆசைதான் வந்தது. தொழிற்சாலைக் கூரையொன்றிலிருந்து கழற்றிய சோலார் தகடுகளை மலிவாக எடுத்து தெற்குப் பக்கக் கூரையில் பூட்டினான். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய மரநார்ப் பலகைகளைச் சுவர்களின் உட்பக்கம் பதித்தான். கூரைக்கும் மேல்மாடிக்கும் இடையிலான லொஃப்டில் செம்மறி ரோமம் விரித்தான். குளிர்கால வெயில் கொஞ்ச நேரம்தான்; அது தரும் மின்சாரத்தில் ஹீட் பம்ப் தண்ணீரைச் சூடாக்கித் தாங்கியில் வைக்கும்; வீடு அந்தச் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் விடியும்வரை காணும். "சூடு செய்யிறது லேசு," என்று மகளுக்குச் சொல்வான், "பிடிச்சு வைக்கிறதுதான் வித்தை." ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு இருவரும் வீடு முழுக்க நடந்தார்கள். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே ஓட்டை. தரைப்பலகை இடுக்கு, பழைய புகைபோக்கி, யன்னல் சட்டம், எல்லாவற்றையும் அடைத்தான். கடைசியில் புகை நேராக நின்றது. ஜதுர்ஷிகா கைதட்டினாள்.

பழைய காற்றை வெளியேற்றும் விசிறிப் பெட்டியை மட்டும் வசந்தத்தில் பூட்டலாம் என்று விட்டிருந்தான். அதுவரை காலையில் யன்னல்களை அகலத் திறந்து காற்றை மாற்றினார்கள். பனி இறங்கிய பிறகு அதையும் நிறுத்திவிட்டான். குளிர்காற்று பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது.

முன்கதவுக்கு உள்ளே, விறாந்தைச் சுவரில் மூச்சுமானி இருந்தது. மனிதர் வெளியேவிடும் மூச்சு அறைக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் சின்னப் பெட்டி. வெளியில் வைத்தால் நானூறு சொச்சம். பூட்டிய அறையில் ஆட்கள் இருக்க இருக்க ஏறும், ஆயிரம் தாண்டினால் மஞ்சள். கதவு இவ்வளவு நேரம் திறந்திருந்ததால் இப்போது அது இறங்கியிருக்க வேண்டும்.

ஏறிக்கொண்டிருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே எண் மாறியது, மஞ்சளைத் தாண்டிச் சிவப்பாயிற்று. இந்தச் சிவப்பை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். பால் காய்ச்சிய அன்று, கிங்ஸ்பரியிலிருந்து வந்த சனம் படிக்கட்டு வரைக்கும் நிறைந்து நின்றபோது. இப்போது கீழே நின்றது அவன் மட்டும். பெட்டி பழுதாகியிருக்கும் என்று நினைத்தான். சுவரிலிருந்து கழற்றித் தேய்த்துப் பார்த்தான். தன் மூச்சு அதில் படாமல் கையை நீட்டி எட்டப் பிடித்தான். படிக்கட்டுப் பக்கம் நீட்டியபோது எண் இன்னும் வேகமாக ஏறியது. ஈரமண் வாசம் ஒன்று வந்தது, கொஞ்சம் புல், கொஞ்சம் பழைய துணி, நெடுநேரம் மூடிக்கிடந்த வாயின் வாசம்.

அப்போதுதான் விசில் கேட்டது.

உள்ளே இழுக்கும்போது நீளமாக. வெளியே விடும்போது கிழிந்து.

மகளின் முட்டு மருந்துப் பம்பை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினான். மறு கையில் மூச்சுமானி இருந்ததைக்கூட மறந்திருந்தான். ஜதுர்ஷிகா கட்டிலில் சம்மணமிட்டுப் படம் கீறிக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, கூந்தல் கலைந்து, எந்தக் கஷ்டமும் இல்லாமல்.

"முட்டு இழுக்குதோ குஞ்சு?"

"நோ அப்பா. ஐம் ஓகே."

"எனக்குச் சத்தம் கேட்டுதே."

"அது நான் இல்லை." அவள் தாளிலிருந்து பென்சிலை எடுக்காமலே சொன்னாள். "அது மேல இருக்கு. எவ்ரி டே இருக்கும்."

இந்த வீட்டுக்கு வந்து ஒரு தடவைகூட அவளுக்கு முட்டு வரவில்லை. கோசிகா அம்மனுக்கு நேர்த்தி வைத்ததால் என்றாள். அவன் மரநார்ப் பலகையால் என்றான். அதிலும் ஒரு சண்டை நடந்தது. இரவில் பிள்ளையின் அறை வாசலில் நின்று அந்த அமைதியைக் கேட்டுக் கண் கலங்கியவன் அவன்.

கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். பச்சை.

யன்னல் பூட்டியிருந்தது. அறைக்கதவு மதியத்திலிருந்து சாத்தியிருந்தது. இவ்வளவு சின்ன அறையில் ஒரு பிள்ளை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் எண் ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நானூற்றி இருபது. வெளியே வயலில் இருக்கும் அளவு. ஒருவரும் இல்லாத அறையின் அளவு.

பெட்டியை அவள் முகத்துக்கு அருகே கொண்டுபோனான்.

"என்னப்பா?"

நானூற்றி இருபது.

அவளுடைய நெஞ்சைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. தடித்த கம்பளிச் சட்டை. அசைகிறதா தெரியவில்லை. கை வைத்துப் பார்க்கலாம். வைக்கவில்லை.

மேலே விசில். இப்போது ஒன்றல்ல. ஒன்று இழுக்கும்போது இன்னொன்று விட்டது. லொஃப்ட் பலகையின் மேலே, அவன் விரித்த ரோமத்துக்குள், அவன் பதித்த பலகைக்கும் பழைய செங்கல்லுக்கும் இடையில், வீட்டின் நீளத்துக்கும் அகலத்துக்கும் மூச்சு. அவனுக்கு ஒரு கணக்கு விளங்கியது, விளங்காமலே இருந்திருக்கலாம். முன்னாலே வருவது பின்னாலே போகவேண்டும். இந்த வீட்டில் எத்தனையோ காலமாக இந்த மூச்சு வந்து, இடுக்குகளால் போயிருக்கும். வயலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, வழியில் ஒரு வீடு. கோசிகா ஒவ்வொரு மாலையும் முன்கதவைத் திறந்து பின்கதவைப் பூட்டினாள். இடுக்குகளை அவன் பூட்டினான். வந்ததெல்லாம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

கீழே ஓடினான். முன்கதவைத் திறந்தான். சமையலறைக்கு ஓடிப் பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வீடு மூச்சை விட்டது.

படிக்கட்டால் இறங்கியது. விளக்கு அணைந்தது. ஈரமண் வாசம். காதோரம் விசில்கள், ஒன்றன்பின் ஒன்றாக, பாரமானவை, முதியவை, அவனைத் தள்ளிக்கொண்டு பின்வாசலைக் கடந்தன. கடைசியாக ஒன்று, மற்றவற்றைவிடச் சின்னது, இடுப்பளவு உயரத்தில் அவனை உரசிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கிங்ஸ்பரியில் வருடக்கணக்காக அதைக் கேட்டுத்தான் நித்திரை கொண்டான்.

வீடு நிசப்தமாயிற்று. சூடு முழுக்கப் போய்விட்டது. சமையலறைக்குள் பனி நுழைந்தது, அவன் மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளைவெள்ளையாக எழுந்தது.

"அப்பா?"

ஜதுர்ஷிகா வெறுங்காலுடன் வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"போயிட்டுது குஞ்சு. எல்லாம் போயிட்டுது."

"ஐ நோ," என்றாள். "எனக்குக் குளிரவே இல்லை." இன்னும் என்னவோ சொன்னாள், பள்ளிக்கூடத்தைப் பற்றி, நாளைக்கு என்ன சாப்பாடு என்று. சிரித்தாள். வாய் திறந்து மூடியது. அவளுடைய வாய்க்கு முன்னால் ஆவி எழவில்லை, குளிர்காற்று கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.

றமணன் வயலைப் பார்த்தான். சமையலறை வெளிச்சம் விழுந்த புல்லில், வேலிக்கு இந்தப் பக்கம், ஏழு வயதுப் பிள்ளையின் வாய் இருக்கும் உயரத்தில், ஒருவரும் இல்லாத வெளியில் ஒரு சின்ன வெண்புகை எழுந்து கரைந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. விசிலடித்துக்கொண்டு, கஷ்டப்பட்டுக்கொண்டு, இருட்டுக்குள் அது நடந்துபோனது.