வெறுந்தட்டுச் சோதனை

திசுநோக்கியின் முன் மோவாயை வைத்துப் பதினோரு விநாடிதான் உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா. கண்ணை அறுக்காமலே உள்ளிருக்கும் திசுவின் வடிவங்களைப் படித்துவிடும் கருவி அது. திரையில் சிவப்பெழுத்து வந்தது: “மெலனோமா புற்று திரும்பியுள்ளது. இடக்கண்ணை அகற்றுக. நாளை காலை ஒன்பது மணி.”

“கண்ணுக்குக் கதிர்வீச்சு குடுத்து ரெண்டு வருசமாச்சு. கட்டி சுருங்கிட்டுன்னு போன மாசங்கூட சொன்னீங்களே டாக்டர்?”

“அது நான் சொன்னது. இது திசுநோக்கி சொல்றது,” என்றார் பேராசிரியர் சர்வோத்தமன். கருவியைப் படைத்தவர். வரவேற்பறையில் அவருக்கு மார்பளவுச் சிலை உண்டு, திறந்துவைத்ததும் அவரே. “மூணு வருஷத்துல நானூறு கண்ணு. ஒரு தப்பு கிடையாது.”

“தப்பு இல்லன்னு யாரு பாத்தா?”

“எடுத்த கண்ணைத் திரும்ப திசுநோக்கியில வச்சுப் பார்ப்போமே!”

ஜெசிந்தா எடையளவு ஆய்வாளர். இருபது வருடமாகத் திருநெல்வேலிக் கடைத் தராசுகளுக்கு முத்திரை போடுபவள்.

“கதிர் வாங்கிக் குணமான கண்ணைப் பாத்து, ஒண்ணுமில்லன்னு இது என்னைக்காவது சொல்லிருக்கா?”

பேராசிரியர் யோசித்தார். பழக்கமில்லாத வேலை என்பது முகத்தில் தெரிந்தது. கருவிக்குப் பாடமாக அவர் கொடுத்த கதிர்பட்ட திசுக்களெல்லாம், புற்று திரும்பியதால் எடுத்த கண்களிலிருந்து வந்தவை. குணமான கண்ணை யார் எடுத்து அறுப்பார்கள்? ஆகவே கதிர் விட்டுப்போகும் தழும்பு, செத்த அணுக்கள், அடைபட்ட ரத்தக்குழாய் எல்லாமே கருவிக்குப் புற்றுதான்.

“நாங்க மொதல்ல வெறுந்தட்டத்தான் பாப்போம் டாக்டர். அப்பவே ஒரு கிலோ காட்டுச்சுன்னா பறிமுதல்.”

“வெறுந்தட்டுதானே வேணும்? நானே பன்னிரண்டு வருஷம் முன்னாடி இதே கதிர் வாங்கினவன்மா. வலக்கண்ணு கல்லு மாதிரி இருக்கு!”

“அப்ப உக்காருங்க.”

உட்கார்ந்தார். பதினோரு விநாடி. சிவப்பெழுத்து: “வலக்கண்ணை அகற்றுக. நாளை காலை ஒன்பதரை.”

நர்ஸ் ரஹ்மத் மூலையில் கிடந்த பழைய ஒலி ஸ்கேனை இழுத்துவந்து ஜெசிந்தாவின் கண்ணில் வைத்தாள். கட்டி போன மாதத்தைவிட இன்னும் சிறுத்திருந்தது.

“மாசாமாசம் வந்து இதுல பாத்துக்கிடுதேன். வளந்தா நானே வந்து படுக்கேன். உங்க மிசினுக்கு முத்திரை கிடையாது,” என்று கருவி அச்சிட்டுத் தந்த அறுவைச் சீட்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள் ஜெசிந்தா. பிறகு கைப்பிடியைத் தொடாமல், இரண்டு கண்ணாலும் படிகளைப் பார்த்துக் கம்பீரமாக இறங்கிப் போனாள்.

“ரஹ்மத்! இது அநியாயம். எனக்கு ஒண்ணுமே இல்லை. இந்தக் கண்ணாலதான் படிக்கிறேன், கார் ஓட்டுறேன். மிசினுக்கு என்ன தெரியும்?” என்று அலறினார் பேராசிரியர்.

ரஹ்மத் அவர் தோளை மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.

“எல்லாரும் இதையேதான் சார் சொன்னாங்க.”